சுடுமல்லி கருகிய வடக்குப் பாதி

சோளத்தின் வேரில் ஒட்டி வாழும் சுடுமல்லியைப் பூவோடு பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. 2006 டிசம்பரில், மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதற்கென்றே கிளம்பினேன். கோவில்பட்டியில் காலை 6.40க்குப் பசுவந்தனை பஸ். இருபது கிலோமீட்டர் போல; டிக்கெட் ஏழு ரூபாய். ஊருக்கு முன்பே இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடந்தேன்.

வண்டிப்பாதையோரச் சோளப் புஞ்சையில் செல்லத்தாய் என்ற அக்கா தனியாளாகக் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். வந்த விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார்.

"இந்தச் சனியனப் பாக்கவா பஸ் ஏறி வாரீங்க, அண்ணாச்சி?"

சாண் உயரம், சின்ன வெள்ளைப் பூ. அவர் மண்வெட்டியால் ஒரு தூரைப் பெயர்த்து உதறிக் காட்டினார். களையின் வேர் சோள வேரைக் கவ்விப் பிடித்திருந்தது. தனக்கென்று பச்சை இலை இருந்தும் அடுத்த செடியை உறிஞ்சும் செடி!

வடக்குப் பாதியில் சோளம் இலையில்லாமல் வெறும் தண்டாக நின்றது. "எங்க கொழுந்தனார் ஆடு மேஞ்சது. பதினஞ்சு நாளா அவியகிட்ட பேச்சில்ல. அந்தப் பக்கம் போனாலே வயிறு எரியுது."

படம் எடுக்க நான் மட்டும் போனேன். அங்கே சுடுமல்லி அத்தனையும் கருகிச் சுருண்டு கிடந்தது. ஆடு கடித்த தடமே இல்லை. "அக்கா, இங்க வாங்க!" என்று கத்திவிட்டேன்.

வந்தார். ஒன்றைத் தொட்டார், பொடிந்தது. சோளம் தன் சாப்பாட்டை இலையில்தான் சமைக்கிறது. அடுப்பு அணைந்ததும் வேரில் ஒட்டியிருந்த களையும் பட்டினி. அது மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் இரண்டு பாதிக்கும் ஒரே மண், ஒரே மழை.

"கதிரும் போச்சு, களையும் போச்சு," என்றார். பிறகு தெற்கே பூத்து நின்றதைப் பார்த்தார். "அது வெத விட்டா அடுத்த வருசமும் சோளம் போட முடியாது. ஒத்தையா எத்தனையப் பிடுங்க?"

திடீரென்று தூரத்து ஆட்டு மந்தையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏ கொழுந்தனாரே, இங்கன வாங்க!"

அவர் தயங்கித் தயங்கி வந்தார். "மதினி, அன்னைக்கு ஆடு..."

"சண்டையப் பெறகு வச்சுக்கிடுவோம். மொதல்ல பூவெல்லாம் பிடுங்கணும்."

பதினோரு மணி வரை மூவரும் பிடுங்கி, வரப்பில் குவித்துத் தீ மூட்டினோம். ஆசைப்பட்டு வந்த பூவை என் கையாலேயே தீயில் போட்டேன், வருத்தமே இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: டிசம்பர் காலைதான் சரி, தண்ணீர் கையில் இருக்கட்டும். சுடுமல்லி விதை தூசி மாதிரி. கிளம்பும்போது அக்கா என் செருப்பைக் கழற்றச் சொல்லி, ஒட்டியிருந்த கரிசல் மண்ணைக் குச்சியால் சுரண்டியெடுத்தார். "அடுத்தவுக காட்டுக்குக் கொண்டு போயிறாதீங்க." நீங்களும் சுரண்டிவிட்டே பஸ் ஏறுங்கள்.