மானாப்புல்லில் ஓர் உடம்பு

மழையென்றால் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு இல்லை. லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ராகினிக்கு அந்தப் பார்வைகள் தாங்கவில்லை. மகள் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்திருந்த எகிப்துக் கதைப் புத்தகத்தை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள்.

அவள் கணவன் தினேஷை ஆறு கொண்டுபோயிருந்தது. வெள்ளம் வந்தால் மிதந்துவரும் மரங்களைக் கயிறு போட்டு இழுக்க யட்டியாந்தோட்டைப் பக்கம் ஆண்கள் இறங்குவது வழக்கம், விறகுக்காகும். அன்று அவன் மரத்தில் போட்ட கயிற்றின் மறுமுனையை இடுப்பில் கட்டியிருந்தான். உடம்பு கிடைக்கவில்லை. கரவனெல்ல ஆஸ்பத்திரியில் யார் யாருடைய உடம்பையோ பார்த்துவிட்டு வந்தாள். மணல் அள்ளும் சிங்களவர்களிடம் கேட்டால், “அனே நங்கி, தாம நே,” என்று தலையசைத்தார்கள். ஐயோ தங்கச்சி, இன்னும் இல்லை.

மாமனார் நல்லையா பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மானாப்புல்லுல உருவம் கட்டி அடக்கம் பண்ணிருவோம்மா. நீ சரின்னு ஒரு வார்த்த சொல்லு.”

சரி என்றால் செத்துவிட்டான் என்று அவளே சொன்னதாகும். அவள் சொல்லவில்லை.

“ஏன்டி, புஸ்தகம் படிச்சா ஆறு திருப்பிக் குடுத்துருமா?” அடுப்படியிலிருந்து மாமியார் அழகம்மா குத்தலாகக் கேட்டாள்.

“இதுவும் புருஷன ஆத்துக்குப் பறிகொடுத்தவ கதைதான், அத்தை. ஐசிஸ்னு ஒரு சாமி. அவ புருஷனோட தம்பியே அவனப் பெட்டியில அடைச்சு ஆத்துல விட்டுட்டான். பொறகு உடம்பத் துண்டு துண்டா வெட்டி வீசிட்டான். இவ ஒவ்வொண்ணாத் தேடி எடுத்தா.”

“எல்லாம் கெடைச்சுச்சா?”

“ஒண்ண மீன் தின்னுருச்சு.”

அழகம்மாவின் அகப்பை நின்றது. வெள்ளத்துக்குப் பிறகு அந்த லயத்தில் யாரும் ஆற்றுமீன் வாங்கியதில்லை.

“அத அவளே செஞ்சு வச்சு, துணி சுத்தி, முழு உடம்பாக்கினா. அவன் எந்திரிச்சான். ஆனா இங்க தங்கல. செத்தவங்களுக்கு ராசாவாப் போயிட்டான்.”

“அம்புட்டுத் தேடியுமா?”

துணி சுற்றும்போதே அவன் தங்கமாட்டான் என்று ஐசிஸுக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்தும் சுற்றினாளா? ராகினி பக்கங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதை மட்டும் எழுதியிருக்கவில்லை.

மறுநாள் நல்லையாவிடம் போனாள். “உருவத்த நான்தான் கட்டுவேன், மாமா.”

“பொம்பளைங்க கட்டுறதில்லையேம்மா.”

“அப்ப கட்டவே வேணாம்.”

அவர் புல்லை அறுத்துவந்து அவள் முன்னால் போட்டார். அவள் கட்டினாள், அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள். பால் வாளி தூக்கித் தூக்கி இறங்கிப்போன அவன் இடது தோளைக் கொண்டுவருவதற்குள் விரல்களெல்லாம் புல் கீறி எரிந்தன. வேட்டி சுற்றி, சட்டை மாட்டினாள்.

பக்கத்து லயத்து ராமச்சந்திரன் வந்து, உருவத்தை ஒற்றை ஆளாகத் தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டான்.

“கீழ வை!” ராகினி கத்தினாள். “புல்லுக்கட்டா அது? நாலு பேராத் தூக்குங்க.”

பாடையில் கிடத்தி நாலு பேர் தோள்கொடுத்தார்கள். பாரம் சுமப்பவர்களைப்போல முதுகு வளைந்து, வழுக்கும் படிகளில் “பாத்து, பாத்து” என்று சொல்லிக்கொண்டே இறங்கினார்கள்.

ராகினி வாசலில் நின்றாள். சரி என்ற சொல்லை அவள் இன்னும் சொல்லியிருக்கவில்லை.