கூலியோடு ஏறிய எடை

ஏலப்பாறைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் வேலுத்தாயின் கைக்கு ஈடான கை கிடையாது. அவள் கொழுந்து கிள்ளும்போது கண் தொடர முடியாது. வாயும் அதே வேகம்தான். கங்காணி சங்கையாவே அவளிடம் வாய்கொடுக்க யோசிப்பார்.

அவளுக்குப் பக்கத்து நிரையில் கத்தரீனாள். புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, கூலிக்காரர்களுக்குத் தோட்டம் கொடுத்த வரிசை வீடான லயத்தில் தனியாக இருந்தவள். வாதத்தில் விரல் முட்டுகள் வீங்கி, காலைக் குளிரில் மடங்கவே மடங்காது. ஒருநாள் எடை குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிக் கூலி. தொடர்ந்து குறைந்தால் கூலி ஏட்டிலிருந்து பேரையே வெட்டிவிடுவார்கள். பேர் போனால் லயத்து அறையும் போகும். ஊரென்று திரும்பிப் போக அவளுக்கு ஒன்றுமில்லை.

அதனால் எடைக்குப் போகிற வழியில் வேலுத்தாய் தன் கூடையிலிருந்து இரண்டு கை அள்ளி அவள் கூடையில் போடுவாள். தோட்டத்தில் இது வழக்கம்தான். பிள்ளை பெற்று வந்தவளுக்கு, காய்ச்சல்காரிக்கு என்று கைவேகம் உள்ளவர்கள் யாராவது போடுவார்கள். சங்கையா கண்டும் காணாததுபோல் இருப்பார். நன்றி கின்றி என்று யாராவது சொன்னால் வேலுத்தாய்க்குக் கோபம் வரும்.

திருவிதாங்கூர்-கொச்சி சர்க்கார் தோட்டக் கூலியை ஏற்ற வேண்டும் என்று தொழிலாளர் சங்கம் கூட்டம் போட்டபோது முதலில் எழுந்தவள் அவள்தான். கொடி பிடித்தாள். வீடுவீடாகப் போய் ஆள் கூட்டினாள். தயங்கி நின்ற கத்தரீனாளையும் விடவில்லை.

"கூலிய ஏத்துனா தொரை சும்மாவா இருப்பான், தாயி?"

"இருக்காம என்ன செய்வான்? வயித்துக்குப் பத்தாமத்தான கேக்கோம். பேசாம வாங்கக்கா."

கூலி ஏறியது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அன்று லயத்தில் பல வீடுகளில் கறி மணத்தது. ஆனால் கையோடு எடையும் ஏறியது. கூடக் கூலி வேண்டுமென்றால் கூடக் கொழுந்து வேண்டும் என்றார் துரை. சங்கத்துக்காரர்கள் போய்க் கேட்டுவிட்டு, தொங்கிய முகத்தோடு திரும்பி வந்தார்கள்.

இப்போது வேலுத்தாயின் கூடையே எடையைத் தொட்டும் தொடாமலும் நின்றது. அதிலிருந்து அள்ளிக் கொடுத்தால் அவளுக்கு அரைப்பேர். வீட்டில் பிள்ளைகள். முதலில் சில நாள் கொடுத்தாள். பிறகு ஒரு கை மட்டும். அதற்கப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு முன்னால் நடந்தாள். அதை நினைத்தால் எனக்கு அவள்மேல் ஆத்திரம் வருகிறது. நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்ததும் வாயை மூடிக்கொள்கிறேன்.

இன்னொரு தடவை குறைந்தால் பேர் இருக்காது என்று கத்தரீனாளுக்குச் சொல்லிவிட்டார்கள். மறுநாள் பார்த்து மழை விடவேயில்லை. நனைந்த கொழுந்தென்றால் தண்ணீருக்கென்று எடையில் கழிப்பார்கள். தனக்கே இன்று எட்டாது என்று வேலுத்தாய்க்குத் தெரிந்துவிட்டது. எடைக்குப் போகிற வழியில் யாரோ பின்னாலிருந்து கூடையைப் பிடித்தார்கள். திரும்பினால் கத்தரீனாள், தன் கூடையை அப்படியே அவள் கூடையில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா செய்யுதீக?"

"எனக்கு எப்படியும் காணாது, தாயி. நீயாவது முழுசா வாங்கு. கொடி பிடிச்சவ அரைப்பேர் வாங்குனா தொரை சிரிப்பான்."

வேலுத்தாய் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. தராசடியில் சங்கையா அவளுக்கு முழுப்பேர் சொன்னார். அடுத்து வந்த கத்தரீனாளின் வெறுங்கூடையை அவர் தராசில் வைக்கவேயில்லை; ஏட்டைத் திறந்து அவள் பேரை வெட்டினார்.