புடவைத் தாளில் வரைந்த கேம் ஷாஃப்ட்

மூன்று நாளாகப் பக்கத்து வீட்டுக்காரரின் மோட்டார் சைக்கிள் கேம் ஷாஃப்ட் ஒன்று என் மேஜை மேல் கிடக்கிறது. கூரியர்காரர் வந்தபோது அந்த வீடு பூட்டியிருந்தது. "நீங்க வாங்கி வெச்சிக்கினா நான் இன்னொரு தபா அலைய வேணாம் சார்" என்றார். அடுத்தவர் பொட்டலத்தை வாங்குவதற்கான நடைமுறை எனக்குத் தெரியும். அவரோ கைபேசிக் கண்ணாடியில் விரலால் ஒரு கோணல் கோடு இழுக்கச் சொன்னார். இழுத்தேன். மோட்டார் வாகன ஆய்வாளராக, ஊர் வழக்கில் பிரேக் இன்ஸ்பெக்டராக, வாழ்நாளெல்லாம் கையெழுத்துப் போட்ட கைக்கு இது ஒரு வீழ்ச்சிதான்.

பொட்டலத்தின் ஒரு மூலை கிழிந்திருந்தது. துருப்பிடிக்காமலிருக்கத் தடவும் எண்ணெயின் வாசம் அறையெங்கும் பரவிவிட்டது. கிழிசல் வழியே ஓர் அட்டை எட்டிப் பார்த்தது. வால்வு எந்தப் பாகையில் திறக்கும், எதில் மூடும், எவ்வளவு உயரும், எல்லாமே அச்சில் இருந்தன. படித்துவிட்டு உள்ளே தள்ளினேன். மொட்டை மாடிக்குப் போய் வந்தேன். உட்கார்ந்தேன், எழுந்தேன். ஓய்வு பெற்றவனுக்கு இதெல்லாம் உடற்பயிற்சி என்று மருத்துவர் சொல்கிறார். அவருக்கு ஏகாம்பரத்தைத் தெரியாது.

இந்த எண்ணெய் வாசம் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் என் சிநேகிதன் ஏகாம்பரத்தின் பட்டறையில் எப்போதும் இருக்கும். பட்டறை என்பது மரியாதைக்கு. அவர்கள் வீட்டுப் பின்கட்டில் தகரம் வேய்ந்த ஒரு கொட்டகை, ஒரு பழைய லேத், அவ்வளவுதான். முன்கட்டில் அவனுடைய அப்பா தறி நெய்வார். நடு அறையில் அவன் அக்கா கனகா புடவை டிசைன்களைக் கட்டத்தாளில் வரைந்து, அதைப் பார்த்துத் தறியில் மாட்டும் ஜக்கார்டு அட்டைகளில் துளை போடுவார். ஆக முன்னால் சாயம் போட்ட பட்டு வாசனை, பின்னால் கிரீஸ். நடுவில் கனகா அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

நான் அப்போது ஆட்டோமொபைல் படித்து முடித்து, இன்ஸ்பெக்டர் தேர்வும் எழுதி, வேலை உத்தரவுக்குக் காத்திருந்தேன். தெருவில் இன்ஜினியர் என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். கூப்பிடாதவர்களுக்கு நானே எடுத்துக் கொடுப்பேன்.

ஏகாம்பரத்துக்குத் தறிக்குழியில் கால் வைக்கவே பிடிக்காது. "உள்ள எறங்கனா இடுப்புக்குக் கீழ நான் இல்லாத மாதிரி இருக்குதுபா" என்பான். அவன் அப்பாவை நாங்கள் இருவருமே நைனா என்போம். நைனா அதிகம் பேசுகிறவர் அல்ல. அந்த வருஷம் மாசியில் ஒரு முடிவு சொன்னார். பங்குனி உத்திரத்துக்குள் ஒரு வண்டியை உருப்படியாகக் கட்டி, பின்னால் அவரை உட்கார வைத்துக் கோயில் வரை ஓட்டிக் காட்டவேண்டும். ஓடினால் கொட்டகை அவனுக்கு. ஓடாவிட்டால் தறி.

ஏகாம்பரத்திடம் பழைய முந்நூற்றைம்பது சிசி வண்டி ஒன்று இருந்தது. சும்மா ஓடினால் போதாது, நெடுஞ்சாலையில் பறக்கவும் வேண்டும் என்று நாங்கள் முடிவு செய்தோம். இன்ஜினில் மாற்றம் செய்ய முன்னனுமதி வேண்டும் என்ற விதியை நான் மனப்பாடமாக ஒப்பித்தேன். ஒப்பித்துவிட்டு ஸ்பானரை எடுத்துக் கொடுத்தேன்.

கேம் ஷாஃப்ட் பற்றி உங்களுக்கு ஒரு வார்த்தை. தறியில் எந்த நூல் எப்போது எழவேண்டும் என்று அட்டைத் துளைகள் சொல்வதுபோல, இன்ஜினில் வால்வு எப்போது திறந்து எவ்வளவு நேரம் திறந்திருக்கவேண்டும் என்று இந்தத் தண்டின் மேடுகள் சொல்கின்றன. மேடு அகலமானால் வால்வு அதிக நேரம் திறந்திருக்கும். வேகத்தில் வண்டி பாயும், மெதுவாகப் போகும்போது மூச்சுத் திணறும். ஊருக்குள் ஓட்டுகிறவன் கொஞ்சம் அகலத்தோடு நிறுத்திக்கொள்ளவேண்டும். எந்தக் காலத்திலும் ஆண்கள் கொஞ்சத்தோடு நிறுத்துவதில்லை.

சென்னைப் புதுப்பேட்டையில் பழைய உதிரிபாகக் கடையில் இரண்டு கேம் ஷாஃப்ட் கிடைத்தன. எண்கள் அரத்தால் ராவப்பட்டிருந்தன. ஒன்று பந்தய வண்டியிலிருந்து வந்ததாம். எது என்று விற்றவருக்கே தெரியவில்லை. அளந்துதான் பார்க்கவேண்டும். வண்டியில் முதலிலிருந்தே இருந்ததையும் சேர்த்து மூன்றையும் அளப்பது என்று திட்டம்.

ஏகாம்பரம் பழையதில் தொடங்கி ஒவ்வொன்றாக லேத்தில் பூட்டி, ஐந்தைந்து பாகையாகத் திருப்பி, டயல் காட்டும் உயரத்தைச் சொல்வான். நான் கனகா அக்காவின் கட்டத்தாளில் புள்ளி வைப்பேன். ஒரு கட்டத்துக்கு ஐந்து பாகை. இரண்டாவதை முடித்ததும் தாள் நிறைந்துவிட்டது. அக்காவின் பெட்டியிலிருந்து இன்னொரு தாளை உருவி மூன்றாவதை அதில் வரைந்தேன். இரண்டு தாள்களையும் ஒன்றின் மேல் ஒன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். இரண்டாவதின் மேடு பழையதைவிடக் கண்ணுக்குத் தெரிகிற அளவு அகலம். மூன்றாவது பழையதைவிட ஒரு நூலளவுதான் அகலம்.

"மூணாவதுதான் ரோட்டுக்கு" என்றேன்.

ஏகாம்பரம் அதன் மேட்டைக் கட்டைவிரலால் தடவினான். "மூக்கு மொண்ணையா இருக்குதே. இது ரொம்ப நேரம் தொறந்து வெக்கும்னு தோணுதுபா."

"கட்டவெரல வெச்சு இன்ஜினியரிங் பண்ணாத."

"நீ படிச்சவன். சொன்னா சரி" என்று பூட்டினான்.

பங்குனி உத்திரத்தன்று காலை நைனா வெள்ளை வேட்டியில் வந்து பின்னால் உட்கார்ந்தார். நான் சைக்கிளில் தொடர்ந்தேன். தெருமுனை வரை நன்றாகத்தான் போனது. பெரிய காஞ்சிபுரத்துக் கூட்டத்தில் நுழைந்ததும், நடக்கிற வேகத்தில் போகவேண்டி வந்தது. வண்டி இருமியது, உதறியது, நின்றது. உதைத்துக் கிளப்பினான். பத்தடியில் மறுபடி நின்றது. நைனா ஒவ்வொரு முறையும் இறங்கி, வேட்டியைச் சரி செய்துகொண்டு, ஏறினார்.

தெருக்காரர் ஒருவர் கேட்டார். "இன்னா ஏகாம்பரம், வண்டி வேண்டுதலா? பத்தடிக்கு ஒருவாட்டி உழுந்து கும்புடுது?"

எல்லாரும் சிரித்தார்கள். ஐந்தாவது முறை நைனா ஏறவில்லை. "காலைல தறிக்கு வந்துடு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கோயிலுக்கு நடந்தார்.

மறுநாள் காலையில் இரண்டு தாள்களும் கனகா அக்கா கண்ணில் பட்டன. ஒரு வினாடிதான் பார்த்தார்.

"இன்னா இன்ஜினியர், ரெண்டும் ஒரே தாளா?"

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். புடவையில் நீள நூலான பாவின் நெருக்கமும் குறுக்கு நூலான ஊடையின் நெருக்கமும் ஒன்றாக இருக்காது. சதுரக் கட்டத்தில் வரைந்த மாங்காய் துணியில் நசுங்கி வரும். அதனால் துணிக்குத் தகுந்தபடி குறுகலான கட்டம் போட்ட தாளும் உண்டு. நான் உருவியது அதுதான். மூன்றாவது மேட்டின் உயரம் சரியாக இருந்தது, அகலம் மட்டும் சுருங்கியிருந்தது. கட்டங்களை எண்ணியிருந்தால் போதும். படம் அவ்வளவு அழகாக வந்திருக்கும்போது யார் எண்ணுவது? உண்மையில் இரண்டாவதைவிட மூன்றாவதுதான் அகலம்; பந்தயத் தண்டைத்தான் திருவிழாக் கூட்டத்துக்குத் தேர்ந்தெடுத்திருந்தேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார் அக்கா. "நைனாகிட்ட போயி சொல்லு. தப்பு அவன் மேல இல்லன்னு தெரியட்டும்."

தாள்களோடு முன்கட்டுக்குப் போனேன். நைனா தறியில் இருந்தார். ஏகாம்பரம் பக்கத்துத் தறிக்குழியில் இறங்கிக்கொண்டிருந்தான். என் கையைப் பார்த்ததும் புரிந்துகொண்டு வாசற்படிக்கு வந்தான். "உடுபா" என்றான் மெதுவாக. "உன்ன ஓட்டியே சாவடிப்பாங்க. வேலைக்குப் போற நேரம்."

"இன்னாப்பா?" என்று கேட்டார் நைனா.

"ஒண்ணுமில்ல நைனா. சும்மா வந்தேன்."

ஏகாம்பரம் அதை என் மானத்துக்காகச் சொன்னான். நான் வசதிக்காக எடுத்துக்கொண்டேன்.

அந்த வாரமே அவன் இரண்டாவது தண்டை மாற்றிப் பூட்டினான். தாமல் ஏரிக்கரை வரை இருவரும் போய் வந்தோம். போகும்போது பறந்தது. திரும்பி ஊருக்குள் ஆடுமாடுகளுக்கு நடுவே ஊர்ந்தபோது ஒரு விக்கல்கூட இல்லை. வீட்டு வாசலில் அவன் உடனே அணைக்கவில்லை, கொஞ்ச நேரம் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு அணைத்துவிட்டுத் தறிக்குப் போனான். ஆரணிப் பக்கத்து ஆள் ஒருவர் வண்டியை வாங்கிப் போனார். லேத்தும் போயிற்று. எனக்கு வேலை உத்தரவு வந்தது.

ஓட்டுநர் தேர்வில் தோற்றவர் ஏழு நாள் கழித்து மறுபடி வரலாம் என்பது விதி. மைதானத்தில் எட்டுப் போடத் தெரியாமல் காலை ஊன்றியவர்களிடம் அதை எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பேன், தலையைக்கூட நிமிர்த்தாமல். நைனாவிடம் அந்த ஏழு நாளைக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார் என்றே இப்போது தோன்றுகிறது. கொடுக்காமலும் இருந்திருக்கலாம். கேட்டால்தானே தெரியும்.

நைனா போய்ப் பல வருஷம் ஆகிறது. கனகா அக்கா அவருக்குப் பின்னால் போனார். ஏகாம்பரம் போன தையில் போனான். கடைசிவரை தறியிலேயே இருந்தான், எங்கே போனாலும் பஸ்ஸில்தான் போனான். அந்த வீட்டை இடித்து, புடவைக் கடைக்கு வருகிறவர்கள் கார் நிறுத்துமிடமாக ஆக்கியிருக்கிறார்கள். நேற்று அங்கே போய், வாசற்படி எந்த இடத்தில் இருந்திருக்கும் என்று நடந்து நடந்து அளந்து பார்த்தேன். காவலாளி வந்து, "இன்னா சார் தேடறீங்க, உங்க வண்டி எது?" என்றார்.

ஒண்ணுமில்லை, சும்மா வந்தேன் என்றேன்.