பாஸ்டு வேறு, கம்ப்ளீட்டட் வேறு

தேவசகாயம் ரைட்டர் போய்விட்டார் என்று மஞ்சக்குட்டை ஜீப்பில் வந்தவர் சொன்னபோது நான் அசரவில்லை. "ரைட்டர் இந்த மழையைத் தாண்டமாட்டாரு" என்று போன மாதமே என் சம்சாரத்திடம் சொல்லியிருந்தேன். நான் சொல்லி எது நடக்காமல் போயிருக்கிறது? இந்த ஒன்றாவது பொய்த்திருக்கலாம்.

எஸ்டேட் ஆபீசில் அவரோடு உட்கார்ந்து கணக்கு எழுதிய உங்களுக்கெல்லாம் தெரியும், இங்கிலீஷில் அவரை அசைக்க ஆள் கிடையாது. எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷில் சேலம் ஜில்லாவுக்கே முதல் மார்க். எஸ்டேட் துரையே தன் லெட்டரை அவரிடம் காட்டித் திருத்திக்கொண்டுதான் தபாலில் போடுவார்.

எழுபதுகளில் காப்பிப் பழம் எடைபோட ஆள் எடுத்தார்கள். பள்ளிப்படிப்பு இருக்கவேண்டும் என்றார்கள். நான் அந்தக் கால எஸ்.எஸ்.எல்.சி.யான பதினொன்றாம் வகுப்புக்குக் கடைசி நாள் வரை போனவன். பரீட்சையில் இங்கிலீஷ்தான் காலை வாரிவிட்டது. சம்சாரம் அப்போது ஆறு மாதம். அந்த வேலை கிடைக்காவிட்டால் கரடியூரை விட்டு மலையிறங்க வேண்டியதுதான்.

"ஏனுங்க ரைட்டரே, அப்ளிகேஷன்ல பாஸ்டுன்னு போட்டுடுங்க" என்றேன்.

"பாஸ்டுன்னா பரீட்சையில ஜெயிச்சவருங்க. அப்பியர்டுன்னா போயி எழுதுனவரு. கம்ப்ளீட்டட்னா கடைசி நாள் வரைக்கும் வந்து படிப்ப முடிச்சவரு. நீங்க முடிச்சீங்களா, இல்லீங்களா?"

"நான் எங்கீங்க அத முடிச்சேன், அதுதான் என்னைய முடிச்சிருச்சு."

நொம்ப நேரம் சிரித்தார். பிறகு 'கம்ப்ளீட்டட்' என்று எழுதினார். "பொய் எழுதலீங்க. கேட்டா தல நிமிந்து சொல்லுங்க."

துரை கேட்டார், சொன்னேன். இருபது வருஷம் அந்தத் தராசுக்குப் பக்கத்திலேயே நின்று கால் ஓய்ந்தது.

நேற்று சர்ச் வாசலில் அவர் மகள் கரும்பலகையைக் காட்டிச் சாக்பீஸை நீட்டினாள். "மாமா, அப்பா பேருக்குக் கீழ 'பாஸ்டு அவே'ன்னு எழுதுங்க."

சாக்பீஸை வாங்கிக்கொண்டேன். "கம்ப்ளீட்டட்னு எழுதட்டுமா கண்ணு?" என்றேன். சரி என்று தலையாட்டினாள்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஜில்லா முதல் மார்க் நான் கட்டிவிட்ட கதை. அன்றைக்கு அப்ளிகேஷனை மடித்துக் கொடுக்கும்போதே அவர் சொன்னார்: "என்ற சொந்த அப்ளிகேஷன்லயும் இதே சொல்லுதானுங்க. இங்கிலீஷ மூணு தரம் எழுதிப் பாத்து உட்டுட்டேன்."

யாராவது அவரிடம் பாஸா என்று கேட்டுவிடப் போகிறார்களே என்று பயந்து, முதல் மார்க் என்று மலை முழுக்கச் சொல்லிவைத்தேன். கேட்டிருந்தால் அவர் தலை நிமிர்ந்தே சொல்லியிருப்பார். நான்தான் கேட்கவிடவில்லை. இனி அந்த மார்க் அவருக்கு வேண்டாம். அவர் எனக்கு எழுதித் தந்த அந்த ஒரு சொல்லை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்.