அப்பா நிறுத்தச் சொன்ன இடம்

எங்கள் வீட்டில் வேதம் வாசித்தது நான். அதைக் கொண்டு யாரை அடிப்பது என்று முடிவு செய்தது அப்பா. இப்படிச் சொன்னால் சபையில் சிலருக்குக் கோபம் வரும். வரட்டுமே. நான் பட்ட கோபத்துக்கு முன்னால் அதெல்லாம் எம்மாத்திரம்!

நாற்பதுகளின் நடுப்பகுதி, யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பம்பாய்த் தாராவியில், வரிசையாக அறைகள் கொண்ட ஒரு சாலில் எங்களுக்கு ஒற்றை அறை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த அப்பாவுக்குத் தோல் கிடங்கில், தோலை ஊறப்போடும் சுண்ணாம்புக் குழியில் வேலை. அவருக்கும் அம்மாவுக்கும் எழுத்து வாசனையே கிடையாது. நான் மட்டும் தினமும் மாட்டுங்காப் பள்ளிக்கூடம் வரைக்கும் நடந்து போய்ப் படித்தவள். அதனால் விடியற்காலையில், கிடங்குச் சங்கு ஊதுவதற்கு முன்னால் நடக்கும் குடும்ப ஜெபத்தில், வேதத்தைத் திறந்து வாசிப்பது என் பொறுப்பு. எந்தப் பக்கத்தைத் திறப்பது என்பது அப்பாவின் அதிகாரம்.

முந்தின நாள் குழாயடியில் அம்மா யாரோடாவது வாய்ச்சண்டை போட்டிருப்பாள். காலையில் அப்பா தொண்டையைச் செருமுவார். "ஏட்டி, நாக்கு நெருப்பு மாதிரின்னு ஒரு எடத்துல வருமே, அத எடு." பிரசங்கத்தில் கேட்டுக் கேட்டு இந்த மாதிரி நாலைந்து இடங்களை மனதில் வைத்திருந்தார். நான் வாசிப்பேன். அம்மா முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, வாங்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் என்றைக்காவது காய்ச்சலில் எழுந்திருக்க நேரமானால், சோம்பேறியை எறும்பிடம் போகச் சொல்லும் பகுதி வரும். காய்ச்சல்காரிக்கு எறும்பு! எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் வாசித்தேன். அடிப்பது அவர், பிரம்பு நான்.

இதற்கு நடுவில் எனக்கென்று ஒரு வாசிப்பும் இருந்தது. அப்பா வேலைக்குப் போன பிறகு, உலை கொதிக்கிற நேரத்தில், வேதத்தின் முதல் புத்தகத்திலிருந்து ஆரம்பித்து ஒரு நாளைக்கு ஓர் அதிகாரம் என்று வரிசையாக வாசித்துக்கொண்டு போனேன். பக்தி என்று பெருமை பேச மாட்டேன். வீட்டில் வேறு புத்தகம் இல்லை, அவ்வளவுதான். வம்ச வரலாறு வருகிற இடங்களில் கொட்டாவி விட்டேன். சில இடங்களில் இது நியாயமா என்று சண்டை போட்டேன். ஆனால் தினம் தினம் வாசித்ததில் ஒன்று பிடிபட்டது. ஒரு வார்த்தை யாருக்குச் சொன்னது, அதற்கு முன்னே என்ன இருக்கிறது, பின்னே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை. அப்பா வேதத்தைத் தொட்டுக்கொண்ட விதமோ வேறு. சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு ஊறுகாயை மட்டும் நக்கினால் உடம்பில் என்ன ஒட்டும்?

அந்த வருஷம் என்னைப் பெண் கேட்டார்கள். மாப்பிள்ளை அப்பா வேலை பார்த்த கிடங்கின் மேஸ்திரி, பெண்சாதியை இழந்தவர், என்னைவிடச் சற்றே சின்னதாக ஒரு மகன் இருந்தான் அவருக்கு. எங்கள் சபைக்குத் தகரக் கூரை போட்டுக் கொடுத்த பெரிய மனிதர். பேச்சைக் கொண்டுவந்தவர் சபையில் பிரசங்கம் பண்ணுகிற உபதேசியார். எனக்கோ ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை படிக்க இடம் கிடைத்திருந்தது. தங்க இடமும் சாப்பாடும் அவர்களே கொடுப்பார்கள். தகப்பனார் சம்மதக் காகிதத்தில் கைநாட்டு வைத்தால் போதும். அந்தக் காகிதம் சாமான் பெட்டிக்கு அடியில் கிடந்தது. அப்பா அதைத் தொடவில்லை.

நான் மாட்டேன் என்று சொன்ன மறுநாளிலிருந்து ஒரே பாடம். "பிள்ளைகள் பெத்தவங்களுக்குக் கீழ்ப்படியணும்னு இருக்குல்லா, அத வாசிட்டி." வாசித்தேன். மறுநாளும் அதேதான். அதற்கும் மறுநாள் அதேதான். என் கழுத்துக்கான கயிற்றை என் வாயாலேயே திரிக்க வைத்தார். தாய் தகப்பனைக் கனம்பண்ணினால் பூமியில் நெடுநாள் வாழலாம் என்று வருகிற இடம் முடிந்ததும் கையை உயர்த்துவார். "போதும். ஜெபம் பண்ணுவோம்." அதற்கு அடுத்த வரியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. அவர் கேட்ட பிரசங்கங்கள் எல்லாம் அந்த இடத்திலேயே நின்றுவிட்டன.

ஒரு நாள் காலையில் அவர் கையை உயர்த்தினார். நான் நிறுத்தவில்லை. 'பிதாக்களே' என்று ஆரம்பித்து, தகப்பன்மாரும் தங்கள் பிள்ளைகளுக்குக் கோபம் மூட்டக் கூடாது என்று வருகிற அடுத்த வரியை, பக்கத்து அறைக்குக் கேட்கிற மாதிரி வாசித்தேன்.

அம்மா தலையை நிமிர்த்தினாள்.

"என்னது?" என்றார் அப்பா.

மறுபடியும் வாசித்தேன்.

"வேதத்துல இல்லாததச் சேத்து வாசிக்கியா? நாசமாப் போறவளே, இதுக்கா ஒன்னப் படிக்க வச்சேன்?" புத்தகத்தைப் பிடுங்கினார். பிடுங்கி என்ன செய்ய? திறந்த பக்கத்தை வெறித்துப் பார்த்தார். அது அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. "ஞாயித்துக்கெழம வரட்டும். உபதேசியார் வாயால கேட்டாத் தெரிஞ்சு போவும். நீ பொய் சொல்லியிருந்தா அடுத்த மாசமே கல்யாணம்."

"பொய் இல்லன்னா?" என்றேன்.

சங்கு ஊதிவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலமே உபதேசியாரைப் பார்த்து, அந்தப் பகுதியைப் பிரசங்கம் பண்ணும்படி கேட்டுவிட்டு வந்தார். எதற்கு என்று சொல்லவில்லை. உபதேசியாருக்குக் கசக்குமா? அவர் பேசி வைத்த சம்பந்தம் அல்லவா!

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பெண்கள் பக்கத்துப் பாயில் நானும் அம்மாவும். ஆண்கள் பக்கத்தில் அப்பா, அவருக்கு முன்வரிசையில் மேஸ்திரி. உபதேசியார் கீழ்ப்படிதலை வாசித்தார், கனம்பண்ணுவதை வாசித்தார், நெடுநாள் வாழ்வதையும் வாசித்தார். புத்தகத்தை மூடினார். பிறகு என்னைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தார். நாலெழுத்துப் படித்துவிட்டு ஆஸ்பத்திரியில் கண்ட ஆம்பிளைகளைத் தொட்டு வேலை செய்யத் துடிக்கிற பெண்கள், பெற்றவர்களின் கண்ணீர், கடைசி காலத்தின் அடையாளம். அந்த வரியை வாசிக்காமலேயே முடித்துவிட்டால் நான் பொய்க்காரி, அடுத்த மாசம் கல்யாணம். எழுந்து கத்திவிடுவேன் என்றே நினைத்தேன்.

அப்பா எழுந்தார்.

"ஐயா, மேல வாசிங்க."

உபதேசியார் திகைத்தார். "இன்னைக்குப் பகுதி அவ்வளவுதான்."

"பகுதி இருக்கட்டும். அதுக்குக் கீழ என்ன இருக்கு? என் மவ பொய் சொல்லுதாளான்னு எனக்குத் தெரியணும்."

மேஸ்திரி திரும்பிப் பார்த்து, "உக்காரும்வே, ஆராதன நடக்கு" என்று அதட்டினார்.

"நான் ஒம்மகிட்ட கேக்கல" என்றார் அப்பா. தினமும் தன்னைக் குழியில் இறக்கி ஏற்றுகிற மேஸ்திரியிடம், அவர் போட்ட கூரைக்குக் கீழேயே நின்று, அப்படிச் சொன்னார்.

உபதேசியார் புத்தகத்தைத் திறந்து, அடுத்த வரியை வாய்க்குள்ளேயே மென்றார். "சத்தமா வாசிங்க" என்றார் அப்பா. அவர் வாசித்தார். நான் வாசித்த அதே வார்த்தைகள், ஓர் எழுத்துக்கூடக் குறையவில்லை. பெண்கள் பக்கம் ஒரே குசுகுசுப்பு. இத்தனை வருஷமாக இந்த மனிதர் இதைப் படித்துப் படித்துத்தான் மூடி வைத்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பா அறியாமல் நிறுத்தினார். இவர் அறிந்தே நிறுத்தினார். இன்றைக்கும் உபதேசியாரை மன்னித்தேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம், "அந்தக் காயிதத்த எடு" என்றார். என் மைப்புட்டியில் பெருவிரலைத் தோய்த்து அழுத்தினார். சுண்ணாம்பு தின்ற விரல். ரேகையே விழவில்லை, கறுப்பாக ஒரு திட்டு மட்டும் விழுந்தது. அதைப் பார்த்தபடியே கேட்டார். "எம்மேல கோவமாட்டி?"

"ஆமா."

அடி விழும் என்று நினைத்தேன். விழவில்லை. "நீ போயிட்டா எங்களுக்கு யாரு வாசிப்பா?" என்றார்.

எனக்கு அழுகைதான் வந்திருக்க வேண்டும். வந்ததோ ஆத்திரம். "நீங்க எழுத்துப் படிச்சுக்கிடுங்க. இல்லன்னா உபதேசியாரு நிறுத்துன எடத்துலயே நீங்களும் அம்மாவும் சாவுற வரைக்கும் நிப்பீங்க!"

"இந்த வயசுலயா?"

வேதத்தைத் திறந்து, மை காயாத அவர் பெருவிரலை இழுத்து அந்த வரியின் முதல் எழுத்தில் வைத்தேன். பக்கம் கறையாயிற்று. ஆகட்டும். "இது 'பி'. சொல்லுங்க" என்றேன். அவ்வளவு எரிச்சலோடு யாரும் யாருக்கும் எழுத்துச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். அப்பா சொன்னார்.