புகை போக ஒரு வழி

எங்கள் வீட்டுக்குத் துவாரம் ஒன்றுதான், வாசல். அதுவும் பெரியவர்கள் குனிந்து போகிற உயரம். நான் குனியாமல் போவேன். ஏழோ எட்டோ வயசு. எந்த வருஷம் என்றால் சொல்லத் தெரியாது. ஆட்சி மாறி, குடியிருக்கிற மனை குடியிருப்பவனுக்கே என்று சட்டம் வரப்போகிறது என ஊரே பேசிக்கொண்ட சமயம். அந்தப் பேச்சு கிளம்பியதிலிருந்து மிராசுதாருக்குத் தூக்கமில்லை. எங்கள் தெரு முழுக்க அவர் மனையில் இருந்தது. சுவரில் ஓர் ஆணி அடிப்பதானாலும் அவரைக் கேட்க வேண்டும்.

குறுவை அறுப்புக்கு நின்றது. கூலியைக் கூட்டிக் கேட்டு எங்கள் ஆட்கள் யாரும் வயலில் இறங்கவில்லை. மழையோ விடவில்லை. காய்ந்த விறகு மிராசுதார் கொல்லையில் அடுக்கியிருக்கும். வேலைக்குப் போனால்தான் கிடைக்கும். எங்களுக்கு வாய்க்கால் ஓரத்துக் காட்டாமணக்குக் குச்சி. அது எரியாது, புகையும். அம்மா அடுப்பு மூட்டினால் எதிரே இருக்கிற ஆள் தெரியாது. நான் வெளியே ஓடிவிடுவேன். ஐந்து மாதத் தங்கச்சி எங்கே ஓடுவாள்? மழையில் தூளியை வெளியில் கட்டவும் முடியாது. இருமி இருமி, ஒருநாள் அவள் உதடு நாவல்பழ நிறமாகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் நர்சம்மா சத்தம் போட்டார். "மருந்து குடுத்து என்னம்மா பண்றது? திரும்ப அந்தப் புகைக்குள்ளதானே கொண்டுபோய்ப் போடுவ? மொதல்ல ஒரு சன்னல் வைங்க. இன்னொரு தடவ இப்புடி வந்துச்சுன்னா புள்ள தங்காது."

மிராசுதாரின் காரியஸ்தரிடம் கேட்க அப்பா போனார். திரும்பி வந்து வெகுநேரம் துண்டை உதறிக்கொண்டே நின்றார்.

"என்ன சொன்னாரு?" என்றாள் அம்மா.

"நாளைக்கு அறுப்புல எறங்கு, சன்னல் ஒண்ணுக்கு ரெண்டா வச்சுக்கங்குறாரு."

அம்மா தங்கச்சியைப் பார்த்தாள். அப்பா சுவரைப் பார்த்தபடி, "எறங்கட்டுமா?" என்றார்.

"எறங்கிட்டு, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இந்தத் தெருவுல நடப்பீங்க?"

தங்கச்சியை என் இடுப்பில் வைத்துவிட்டு அம்மா உலக்கையை எடுத்தாள். மழையில் ஊறிய மண்சுவர். மூன்றாவது குத்தில் வெளிச்சம் வந்தது.

கூடவே காரியஸ்தரும் வந்தார், குடையோடும் இரண்டு ஆட்களோடும்.

"ஏ புள்ள, யாரக் கேட்டுச் செவுத்துல கை வச்ச? ஓட்டையப் போட்டா மனை ஒனக்குன்னு ஆயிருமா? டேய், கூரையப் பிரிங்கடா!"

"பிரிங்க. நல்லாக் காத்து வரும்," என்றாள் அம்மா.

ஒருவன் கீற்றில் கை வைத்தான். அப்போது பக்கத்து வீட்டுக்குள் தொம்மென்று ஒரு சத்தம். அடுத்து எதிர்வீட்டில். பிறகு தெரு முழுக்க, தீபாவளிக்கு மாவு இடிக்கிற மாதிரி. கீற்றைப் பிடித்தவன் காரியஸ்தரைப் பார்த்தான். எந்த வீட்டைப் பிரிப்பது? எல்லாரையும் விரட்டிவிட்டால் அறுப்புக்கு யார்? அவர் குடையைத் தோள் மாற்றிக்கொண்டார். "ஐயாகிட்ட சொல்லிக்கிறேன்," என்று நடையைக் கட்டினார்.

பக்கத்து வீட்டு அத்தை தன் ஓட்டை வழியாகத் தலையை நீட்டினாள். "இந்தாடி, ஒங்க வீட்டுல என்ன கொழம்புன்னு இனிமே நான் கேக்க வேண்டியதில்ல!"

நாலாம் நாள் தங்கச்சி மூச்சு இழுக்காமல் பால் குடித்தாள். நான் தெருவில் போய் ஓட்டைகளை எண்ணினேன். எல்லா வீட்டிலும் குழந்தைக்கு இருமல்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கடைசி வீட்டுப் பெரியப்பா மட்டும் கணக்கில் சேரவில்லை. ஒண்டிக்கட்டை, அடுப்பே மூட்டமாட்டார், எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அவர் சுவரில்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை. மழைத்தண்ணீர் உள்ளே கொட்ட, பாயைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.