ஏழாம் இடத்துக் கோடுகள்

முதல் அடி பரிசல் துடுப்பின் அகலப் பக்கத்தால் விழுந்தது. இரண்டாவது, அதன் விளிம்பால். நாச்சிமுத்து ஏரிக்கரையில் மண்டியிட்டு வாயில் வந்ததைத் துப்பினான். அதில் ஒரு பல் இருந்தது.

அவனைச் சுற்றி இருபது பேர். அவர்களுக்குப் பின்னால் ஏரி வெள்ளையாகக் கிடந்தது. செத்த மீன்கள் வயிற்றைக் காட்டிக் கரையோரம் ஒன்றின்மேல் ஒன்றாக ஒதுங்கியிருந்தன. நாரைகள் அவற்றைத் தின்ன இறங்கவில்லை. கருவேல மரங்களில் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

துடுப்பு பூபதியின் கையில் இருந்தது. அந்த ஏரியில் பரிசல் விட்டு மீன் பிடித்துப் பிழைப்பவன். இன்னொரு கையில் செல்போனை நீட்டி, நீரின் தரம் பார்க்கும் தண்ணீர்த் திட்டத்தார் வெளியிட்ட அட்டவணையைக் காட்டினான். ஏழாம் இடம், நீரில் கரைந்த ஆக்சிஜன், ஜனவரி 4.8, பிப்ரவரி 4.8, மார்ச் 4.8.

"மூணு மாசமா ஒரே நம்பரு. தண்ணிய அளந்தியா, பேக்டரிக்காரன் சோத்தத் தின்னுட்டு ஊட்டுல படுத்துட்டியா?"

நாச்சிமுத்து அந்த எண்ணையே பார்த்தான். தான் அதை எழுதவில்லை என்று சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் விலாவில் ஒரு உதை விழுந்தது. அவனுடைய ஐஸ் பெட்டியைத் தூக்கி யாரோ கல்லில் அடித்தார்கள். அன்று காலை காட்டில் எடுத்த ஆறு புட்டி ஓடைத்தண்ணீரும் மண்ணில் போயிற்று.

நாச்சிமுத்துவுக்கு நாற்பத்தெட்டு வயது. பதினேழு வயதில் ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஏறி, பெயர் தெரியாத ஊர்களிலெல்லாம் போர் போட்டவன். ஏறிய முதல் வாரம், தண்ணீர் வராத ஒரு போருக்கு எதிரே நோட்டில் பூஜ்யம் எழுதினான். ரிக்கை இயக்கும் டிரில்லர், ஸ்பேனரால் அவன் பின்மண்டையில் அடித்தார். காய்ந்த போருக்குச் சுழி போட்டால் அடுத்ததும் காயும், ஆளையும் பலி கேட்கும் என்பது ரிக்காரர் நம்பிக்கை. அங்கே ஒரு கோடு மட்டும் இழுக்க வேண்டும். கோட்டைப் பார்த்தால் முதலாளிக்குத் தெரியும், ஏஜென்டுக்குத் தெரியும், சமையல்காரனுக்குக்கூடத் தெரியும். அன்று யாரும் பேசாமல் சாப்பிடுவார்கள்.

அடுத்த போரில் துளையிடும் இரும்பு ராடு நழுவி அவனுடைய இடதுகை விரல்கள் இரண்டை நசுக்கிக்கொண்டு இறங்கியது. அதன்பின் முப்பது வருடம் அவன் எங்கும் சுழி போட்டதில்லை.

ரிக்கை விட்டுவிட்டு ஊர் திரும்பியவனுக்குத் தண்ணீர்த் திட்டத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது. கொல்லிமலைக் காப்புக்காட்டு ஓடைகளில் ஆறு இடம், பறவைகளுக்கென்று ஒதுக்கிய ஏரிகளில் மூன்று இடம். மாதம் ஒருமுறை டிவிஎஸ் வண்டியில் போய் மீட்டரை நீரில் இறக்கி, வரும் எண்ணைத் தாளில் எழுதி, புட்டியில் தண்ணீர் பிடித்து நாமக்கல் அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். தாளைக் கணினியில் ஏற்றுபவள் ஜெனிட்டா. சேலத்துப் பெண். நாச்சிமுத்துவின் கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும் என்பாள்.

ஏழாம் இடம், இந்த ஏரியில் வாய்க்கால் வந்து சேரும் மூலை. வாய்க்காலின் மறுமுனையில் ஜவ்வரிசி செய்யும் சேகோ பேக்டரி. குச்சிக்கிழங்கு அரைத்த தண்ணீர் புளித்து, பிணவாடையோடு வரும். ஜனவரியில் மீட்டர் 0.0 காட்டியது. நாச்சிமுத்து கழுவி மறுபடி இறக்கினான். 0.0. மீன் மூச்சுவிட அந்த மூலையில் ஒன்றுமில்லை. தாளில் அழுத்தி ஒரு கோடு இழுத்தான். அதைவிடச் சத்தமான எழுத்து அவனுக்குத் தெரியாது.

யாரும் வரவில்லை. பிப்ரவரியில் கோடு, மார்ச்சில் கோடு. பெரிய இடத்தில் பேசி முடித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு அவனும் வாயைத் திறக்கவில்லை. ஏப்ரலில் வாய்க்கால் மூலையில் இருந்த சாவு ஏரி முழுக்கப் பரவியது.

ஆஸ்பத்திரியில் ஜெனிட்டா கட்டிலுக்கருகே நின்று அந்த மூன்று தாள்களைப் பிரித்தாள். கோடு என்றால் அளக்கவில்லை என்றுதான் அலுவலகத்தில் அர்த்தம். அளக்காத கட்டத்தைக் கணினி காலியாக விடாது, முந்தைய மூன்று வருடச் சராசரியை எடுத்துப் போட்டுக்கொள்ளும். அந்தச் சராசரிதான் 4.8. அதைக் காட்டித்தான் பேக்டரிக்காரர்கள் மார்ச்சில் அனுமதியைப் புதுப்பித்திருக்கிறார்கள்.

நாச்சிமுத்துவுக்கு விலா எலும்பு இரண்டு உடைந்திருந்தது. மூச்சு பாதி வழியில் நின்று நின்று வந்தது.

"அது சைபருங்க அம்மிணி," என்றான். "மூணும் சைபரு."

அவள் உட்கார்ந்துவிட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா மூணு மாசத்தையும் மாத்தலாம்ணா. பேக்டரி மேல நடவடிக்கை வரும். ஆனா தப்பா எழுதினவர்னு உங்க வேலையும் போகலாம்." தாள்களை மடித்தாள். "மூணு தடவை கோட்டைப் பார்த்தேன். ஒரு போன் பண்ணி நானும் கேக்கல."

மறுநாள் தமிழரசு வந்தான். பேக்டரி மேஸ்திரி. ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தான். ஒரு பழத்தை உரித்து, நாரெடுத்து, சுளைசுளையாக நாச்சிமுத்துவின் மனைவி அங்கம்மாளிடம் கொடுத்தான். ஊர்க்காரர்கள் இப்படி அடித்திருக்கக் கூடாது என்று வருத்தப்பட்டான். போகும்போதுதான் குனிந்தான்.

"மீட்டர்ல பேட்டரி தீந்துபோச்சு, அதான் கோடு போட்டேன்னு சொல்லீருங்கண்ணா. ஒருத்தருக்கும் சேதாரமில்ல." அங்கம்மாளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "அக்கா தெனமும் அந்தக் கரை வழியாத்தான தறிக்குப் போறாங்க. பாக்கறேன்."

அங்கம்மாள் சுளைகளைச் சன்னல் வழியே எறிந்தாள். கையைச் சேலையில் துடைத்தாள்.

நான்காம் நாள் அலுவலகத்தில் நாச்சிமுத்து எழுதினான். இரண்டு விரல் இல்லாத இடதுகையால் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டான். முதல் சுழியை மூட முடியாமல் பேனா நின்றது. பின்மண்டை வலித்தது. மூடினான். மற்ற இரண்டும் சீக்கிரம் வந்துவிட்டன.

பத்து நாள் கழித்து மல்லசமுத்திரம் சாலையில் ஒரு லோடு ஆட்டோ பின்னாலிருந்து அவனை இடித்தது. அவன் சாலையோரம் விழுந்து கிடந்தான், நினைவு இருந்தது. ஆட்டோ நின்றது. ஓட்டுநர் இறங்குவான் என்று பார்த்தான். ஆட்டோ பின்னால் வந்து அவன் இடது காலின்மேல் ஏறியது. மறுபடி முன்னால் போயிற்று. எலும்பு நொறுங்கும் சத்தம், ராடு நழுவிய அன்று கேட்ட அதே சத்தம். ஆஸ்பத்திரியில் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். போலீஸ் விபத்து என்று எழுதிக்கொண்டு போனது.

வேலை போகவில்லை. விசாரணை முடியும்வரை எடுக்க முடியாது என்றார்கள். பேக்டரிக்கு நோட்டீஸ் போயிருந்தது. ஆனால் அவர்கள் சுத்திகரிப்பு செய்துவிட்டோம் என்று பதில் கொடுத்து, மே மாத அளவைப் பார்த்து முடிவெடுக்கச் சொல்லி உத்தரவு வாங்கிவிட்டார்கள். மே கடைசியில் ஜெனிட்டா வீட்டுக்கு வந்தாள். புதிதாகச் சேர்ந்தவன் எட்டு இடத்துக்குப் போயிருந்தான். ஏழாம் இடத்துக்கு எதிரே ஒரு கோடு.

"கோடுன்னா?" என்றான் நாச்சிமுத்து.

"போகலைண்ணா. பயந்துட்டான்."

இன்னும் இரண்டு நாளில் மாதம் முடிந்துவிடும். கணினி மறுபடியும் தானாகவே ஒரு நல்ல எண்ணைப் போட்டுக்கொள்ளும்.

அவன் அங்கம்மாளைப் பார்த்தான். அவள் ஏற்கெனவே ஜெனிட்டா கொண்டுவந்திருந்த மீட்டர்ப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் காலை ஆட்டோ வைத்துக்கொண்டு போனார்கள். கரையில் நாச்சிமுத்து அக்குள்கட்டைகளை ஊன்றி நின்றான். பூபதி பரிசலிலிருந்து எழுந்து வந்தான். அவன் கண் நாச்சிமுத்துவின் மடக்கிக் கட்டிய கால்சட்டையில் நின்றது. நாச்சிமுத்து மூன்று சுழி எழுதிக் கொடுத்தது ஊருக்குத் தெரிந்திருந்தது. அங்கம்மாளைப் பரிசலில் ஏற்றி, மூலைக்குக் கொண்டுபோய், அவள் மீட்டரை இறக்கும்வரை பரிசலைச் சுழலாமல் பிடித்துக்கொண்டான்.

தண்ணீர் சீழ் நிறத்தில் இருந்தது. அங்கம்மாள் மூக்கை மூடவில்லை.

கரைமேல் இரண்டு பைக்குகள் வந்து நின்றன. நான்கு பேர். தமிழரசு கடைசியாக இறங்கினான். பழம் எதுவும் கொண்டுவரவில்லை. போர்க்குழியில் இறக்கும் இரும்பு கேசிங் பைப்பின் அரையாள் நீளத்துண்டு ஒன்று அவன் கையிலிருந்து காலருகே தொங்கியது. அவசரமில்லாமல் கரையிறங்கி வந்தார்கள்.

பூபதி பரிசலைக் கரையில் இடித்து நிறுத்திக் குதித்தான். நாச்சிமுத்துவைத் தாண்டி நாலடி மேலே ஏறி நின்றான். துடுப்பை விளிம்புப் பக்கமாகத் திருப்பிப் பிடித்தான்.

"என்ன காட்டுச்சு?" என்றான் நாச்சிமுத்து, திரும்பிப் பார்க்காமல்.

"சைபருங்க," என்றாள் அங்கம்மாள். "எழுதுங்க."

மேலே முதல் அடி விழும் சத்தம் கேட்டது. யாருடைய அடி என்று அவன் பார்க்கவில்லை. கட்டைகளைக் கீழே விட்டு உட்கார்ந்து, தாளைத் தொடைமேல் வைத்து, ஏழாம் இடத்துக்கு எதிரே சுழியைப் போட்டு மூடினான்.